இதில் என்ன பகிடி?

2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃபுக்கும் இத்தாலியின் அஞ்சலா கரினிக்கும் இடையிலான குத்துச்சண்டை 46 விநாடிகளில் முடிந்துபோனது. கரினி அழுதுகொண்டே விலகினார். அன்று பின்னேரம் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் வேலையை முடித்துவிட்டு பீலெஃபெல்டுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹம் நிலையம் வருவதற்குள் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பதினேழு செய்திகள். “ஆம்பிளை பொம்பிளைக்கு அடிக்கிறான், உலகம் கைதட்டுது” என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு மச்சான். “கலி முத்திப்போச்சு” என்று லண்டனிலிருந்து ஒரு சித்தி. பாரிஸிலேயே இருக்கும் ஒருவர் ஒரு படத்தைப் போட்டிருந்தார். ஒரு பக்கம் கெலிஃபின் முகம். மறுபக்கம் சேலை கட்டி, உதட்டுச் சாயம் பூசி நிற்கும் தமிழ்ப்பட நகைச்சுவை நடிகர் ஒருவர்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தப் படத்தை, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றையும் சேர்த்து, எங்கள் வீட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். அந்தக் குழுவில் நான்கு பேர். அதில் ஒருத்தி என் மகள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. 800 மீற்றர் ஓடுபவள். அம்மம்மாவின் நிறம், என் தோள். தலைமயிரைத் தானே ஒட்ட வெட்டிக்கொண்டவள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கைபேசியை என் பக்கம் திருப்பி, “அப்பா, இதில் என்ன பகிடி?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உண்மையாகவே விளங்காத ஒருத்தியின் குரலில் கேட்டாள். பகிடியை விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் நின்றுவிட்டேன். விளக்கினால், அவளுடைய உடம்பைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பிந்திய பதில். என்னோடு சேர்ந்து சிரித்த பதினேழு பேருக்கும், அவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் எதிராக எழுதுகிறேன். என் பெயர் அந்தப் பட்டியலில் முதலாவது.

*

முதலில் கெலிஃபைப் பற்றி. அவர் ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர் அல்லர். அல்ஜீரியாவில் பெண் குழந்தையாகப் பதியப்பட்டு, பெண் பிள்ளையாக வளர்ந்து, பெண்களோடு சண்டையிட்டவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அவர் இருந்தார். அங்கே காலிறுதியில் அயர்லாந்தின் கெலி ஹரிங்டனிடம் தோற்றார். அன்று எந்தக் குடும்பக் குழுவிலும் அவருடைய படம் வரவில்லை. தோற்றபோது அவர் பெண். மூன்று வருடம் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை 46 விநாடிகளில் அழவைத்தபோது ஆண்.

அவருடைய மரபணுவில் என்ன இருக்கிறது என்பதல்ல என் வாதம். அது எப்படி இருந்தாலும் இந்த வாதம் மாறாது. அன்று சிரித்த எங்களில் யாரும் மருத்துவ அறிக்கை பார்த்துச் சிரிக்கவில்லை. தாடையைப் பார்த்தோம், தோளைப் பார்த்தோம், நிறத்தைப் பார்த்தோம், பக்கத்தில் அழும் பொன்னிற முகத்தைப் பார்த்தோம். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டோம். பதக்கம் வென்ற பின் அல்ஜீரியாவில் ஓர் அழகு நிலையம் அவருக்கு ஒப்பனை செய்து, பூப்போட்ட உடை அணிவித்து ஒரு காணொளி வெளியிட்டது. உடனே “பாருங்கள், பெண்தான்” என்றார்கள் சிலர். அதே கண்தான் அதுவும். முதலில் பெண் இல்லை என்று சொன்ன கண், உதட்டுச் சாயத்தைக் கண்டதும் பெண் என்கிறது.

இதையே உலகம் 2009இலும் செய்தது. காஸ்டர் செமன்யா பேர்லினில் 800 மீற்றர் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 18. நேரம் 1 நிமிடம் 55.45 விநாடி. இறுதி ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, அவருக்குப் பால் சோதனை கோரப்பட்டிருக்கிறது என்ற செய்தி உலகெங்கும் போய்விட்டது. அடுத்த மாதம் தென்னாபிரிக்கச் சஞ்சிகை ஒன்று அவருக்கு நகை போட்டு, நகத்துக்கு வர்ணம் தீட்டி அட்டையில் போட்டது. ஆதரவாகத்தான் போட்டார்கள். அந்த ஆதரவு சொன்னது இதைத்தான்: எங்கள் கண்ணுக்குப் பிடித்த மாதிரி வந்தால் உன்னைப் பெண் என்று ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கண்ணுக்குப் பிடித்த பெண் யார்? மெலிந்தவள், மயிர் நீண்டவள், வெளிறியவள். நிறமும் பாலும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பார்க்கும் கண்ணுக்கு அவை ஒரே கேள்வி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றரில் மேடையேறிய மூன்று பேரும் ஆபிரிக்கர்கள்: செமன்யா, புருண்டியின் நியோன்சாபா, கென்யாவின் வாம்புயி. 2018இல் வந்த ஹோர்மோன் விதி அந்த மூன்று பேரையும் அந்தத் தூரத்திலிருந்து அப்புறப்படுத்தியது.

*

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். அந்தப் பதினேழு பேரிடமும் பிறகு ஒரு பெயரைக் கேட்டேன்: சாந்தி சௌந்தரராஜன். இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தலித் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பால் சோதனையில் தேறவில்லை என்று அறிவித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பின் மிக அந்தரங்கமான விடயம் தொலைக்காட்சித் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. அப்போதைய முதலமைச்சர் கருணாநிதியின் அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கியது. அது நல்ல காரியம். ஆனால் பரிசு கொடுத்த அதே சமூகம் தெருவில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டது? பிறகு அவர் உயிரை விட முயன்றார். தப்பினார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2012இல் மறுபடி செங்கல் சூளையில் நாட்கூலிக்கு நின்றார். 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைத்தது.

பத்து வருடம். ஓர் ஓட்டக்காரியின் வாழ்க்கையில் பத்து வருடம் என்றால் முழு வாழ்க்கை.

ஒடிசாவின் தூத்தி சந்த் 2014இல் இதே காரணத்துக்காக அணியிலிருந்து நீக்கப்பட்டபோது விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. சர்வதேச வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் தூத்தியின் பக்கம் நின்றார்கள். நிற்க வேண்டும். 2006இல் சாந்தியின் பக்கம் அப்படி யார் நின்றார்கள்? கறுத்த, ஏழை, தலித் பெண். இந்த மூன்றும் சேர்ந்த உடம்பைச் சந்தேகிப்பது சுலபம், ஏனென்றால் திரும்பிக் கேட்க அங்கே ஆளில்லை.

தமிழர் ஒருவர் ஏதாவது ஓர் ஊரில் மேயரானால் எங்கள் குழுவில் மூன்று நாள் வாழ்த்து வரும். “உலகத் தமிழர் பெருமை” என்று மாலை போட்ட படம் வரும். ஆசிய வெள்ளி வென்ற தமிழ்ப் பெண்ணை அந்தப் பெருமைப் பட்டியலில் ஒருவரும் சேர்ப்பதில்லை. அவர் தோற்றதால் அல்ல. அவரைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகள் விவரம் கேட்பார்கள். விவரம் சொல்ல எங்களிடம் மரியாதையான சொல் இல்லை.

*

அந்தச் சொல் ஏன் இல்லை? இருந்த இடத்தையெல்லாம் பகிடி நிரப்பிவிட்டது.

2007 ஜூனில் ‘சிவாஜி’ வந்தது. நான் அப்போது பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் கணினியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ரூர் பகுதியில் ஒரு திரையரங்கை யாரோ வாடகைக்கு எடுத்துக் காட்டினார்கள். நாங்கள் ஐந்து பெடியன்கள் ஒரு காரில் போனோம். ரஜினிகாந்த் தன் நிறத்தைக் குறைக்க என்னென்னவோ பூசிக் குளிப்பார். பிறகு ஒரு பாட்டு. ஸ்பெயினில், பில்பாவோவின் குகன்ஹைம் அருங்காட்சியகம் பின்னால் மினுங்க, ரஜினி ஓர் ஐரோப்பியனின் நிறத்தில் ஆடுவார். சட்டகம் சட்டகமாகக் கணினியில் அவருடைய தோலை வெளுத்திருந்தார்கள். அந்த இரவு முழுக்க நான் அந்தத் தொழில்நுட்பத்தை வியந்து கதைத்தேன். எத்தனை ஆயிரம் சட்டகங்கள், எத்தனை மணி நேரக் கணிப்பு! தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம், கறுப்பாக இருந்தே அந்த இடத்தைப் பிடித்த மனிதர், வெள்ளையாகத் தெரிவதற்கு இவ்வளவு மூளை எதற்காகச் செலவாக வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் படத்தில்தான் அங்கவை, சங்கவை வருகிறார்கள். சாலமன் பாப்பையாவின் மகள்மாராக இரண்டு பெண்கள். முகத்தில் கறுப்புச் சாயம். அவர்கள் திரையில் தோன்றினாலே பகிடி, வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கதாநாயகன் அவர்களைக் கண்டு மிரள்வார். அரங்கம் அதிர்ந்தது. நானும் அதிர்ந்தேன்.

அங்கவை, சங்கவை யார்? மரபு பாரியின் மகள்மாருக்குச் சூட்டிய பெயர்கள் அவை. மூவேந்தரும் முற்றுகையிட்டு, தகப்பனைக் கொன்று, மலையைப் பறித்த பின் நாடில்லாமல் நின்ற பெண்கள். அந்த இழப்பைப் பாடிய ஒரு பாட்டு புறநானூற்றில் பாரி மகளிரின் பெயரில் இருக்கிறது. கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அரசனின் வாசலாகப் போய் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். அரசர்கள் மறுத்தார்கள். எங்கள் மொழியில் பதிவான முதல் அகதிப் பெண்கள் அவர்கள் என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பெயர்களை எடுத்து, கறுப்பு பூசி, யாரும் கட்ட மாட்டாத பெண்கள் என்று மேடையேற்றினார்கள். நாடிழந்து வந்த நாங்கள் ஜேர்மனியில் ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து, பத்து யூரோவுக்கு மேல் கொடுத்து, அதைப் பார்த்துச் சிரித்தோம்.

எட்டு வருடம் கழித்து அதே இயக்குநரின் ‘ஐ’. இம்முறை ஒப்பனைக் கலைஞராக வரும் ஒரு திருநங்கை. கதாநாயகனை அவர் விரும்புவது ஒரு பகிடி. அவரைக் கண்டு அருவருப்பது இன்னொரு பகிடி. கடைசியில் அவர் வில்லன் கூட்டத்தில் ஒருவர். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஓஜஸ் ரஜனி உண்மையிலேயே புகழ்பெற்ற ஒப்பனைக் கலைஞர். 2015 ஜனவரியில் சென்னையில் திருநங்கையர் தெருவுக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புலம்பெயர் தமிழர் பக்கத்தில் ஒரு வரி எதிர்ப்புக்கூட என் கண்ணில் படவில்லை. படம் நன்றாக ஓடியது.

ஒரே இயக்குநர், எட்டு வருட இடைவெளியில் இரண்டு படங்கள். ஒன்றில் நிறம், மற்றதில் பால். இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. குறை ஒரு மனிதருடையது மட்டுமல்ல. நாங்கள் சிரிப்போம் என்று தெரிந்துதான் அந்தக் காட்சிகள் எழுதப்பட்டன, தெரிந்ததுபோலவே சிரித்தோம். கெலிஃபின் படத்துக்குப் பக்கத்தில் சேலை கட்டிய நடிகரை வைத்தவருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

*

இதே நாங்கள்தான் மற்றப் பக்கத்தில் வேறு முகத்தோடு நிற்கிறோம். 2016இல் ஜேர்மனியின் வலதுசாரி அரசியல்வாதி கௌலாண்ட், உதைபந்தாட்ட வீரர் ஜெரோம் போவாட்டெங்கைப் பற்றிச் சொன்னார்: ஆட்டக்காரராக அவரை மக்களுக்குப் பிடிக்கும், அயலவராக அவரை விரும்ப மாட்டார்கள் என்று. எங்கள் குழு கொதித்தது. 2018 ஜூலையில் மெசுட் ஒசில் தேசிய அணியிலிருந்து விலகி, வென்றால் தான் ஜேர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்ற பொருளில் அறிக்கை விட்டபோது, எங்கள் வீட்டில் யாரோ இறந்ததுபோல இருந்தது. அந்த வசனம் எங்களுடையது. வேலைத்தலத்தில், பள்ளிக்கூட வாசலில், வீடு தேடிப்போன இடத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் சொல்லிக்கொண்ட வசனம்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் போவாட்டெங்கை அயலவராக ஏற்காத கண்ணும், கெலிஃபைப் பெண்ணாக ஏற்காத கண்ணும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை நோக்கி நீதி கேட்டுவிட்டு, மற்றதை வாங்கி அணிந்துகொள்கிறோம்.

ஜேர்மனியில் வாழ்பவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்க வேண்டிய விடயமும் அல்ல, பேர்லின் ஒலிம்பிக் அரங்கின் கதை அது. 1936இல் பெண்கள் உயரம் பாய்தலுக்கு ஜேர்மனியின் மிகச் சிறந்த வீராங்கனைகளில் ஒருவர் கிரெட்டல் பெர்க்மன். போட்டிக்குச் சில வாரம் முன்பு 1.60 மீற்றர் பாய்ந்து தேசிய சாதனையைச் சமன்செய்தார். யூதர் என்பதால் அணியிலிருந்து நீக்கினார்கள். அதே அணியில் பாய்ந்து நான்காவதாக வந்தவர் டோரா ரட்யன். பிறந்தபோது உடலமைப்பு தெளிவாக இல்லாததால் பெண்ணென்று பதியப்பட்டு, பெண்ணாகவே வளர்க்கப்பட்டவர். 1938 செப்டெம்பரில் ரயிலில் வந்தபோது, “பெண் உடுப்பில் ஓர் ஆண்” என்று யாரோ முறையிட, மக்டெபர்க் நிலையத்தில் பொலீஸ் அவரைப் பிடித்தது. பிறகு ஹைன்ரிச் என்ற பெயரில் ஆணாக வாழ்ந்தார். ஒரே போட்டியில் ஓர் உடம்பு இனத்தால் தள்ளப்பட்டது, இன்னோர் உடம்பு பாலால் வேட்டையாடப்பட்டது. 73 வருடம் கழித்து, அதே அரங்கில்தான் செமன்யா ஓடினார்.

*

இந்த இடத்தில் நான்கு மறுப்புகள் வரும். எனக்குத் தெரியும், நான்கையும் நானே சொல்லியிருக்கிறேன்.

முதலாவது: “விளையாட்டில் நியாயம் வேண்டாமா?” வேண்டும். ஆண் பிரிவும் பெண் பிரிவும் ஏன் பிரிந்திருக்கின்றன, எல்லையை எங்கே போடுவது என்பது உண்மையான, கடினமான கேள்வி. மருத்துவர்களும் வீராங்கனைகளும் நீதிமன்றங்களும் அதைப் பேசட்டும். செமன்யாவின் வழக்கு 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வுவரை போய், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்ற தீர்ப்போடு வந்திருக்கிறது. பேச்சு முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆனால் சேலை கட்டிய நடிகரின் படத்தை அனுப்பியவர் விளையாட்டு நியாயத்தைப் பற்றிப் பேசவில்லை. பின்லாந்தின் ஈரோ மந்திரந்தா என்ற பனிச்சறுக்கு வீரர், பிறவியிலேயே இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் மரபணு மாற்றம் உள்ளவர். ஏழு ஒலிம்பிக் பதக்கம் வென்றார். ஊரில் சிலை வைத்தார்கள். அவருடைய ஆண்மையை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இரண்டாவது: “பகிடியைப் பகிடியாக எடுக்க வேண்டும்.” பகிடி என்றால் என்னவென்று பீலெஃபெல்ட்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம். 1994இலிருந்து ஜேர்மனி முழுவதும் எங்கள் நகரத்தைப் பார்த்து, “அப்படியோர் ஊரே இல்லை” என்று சிரிக்கிறது. எந்த அலுவலகத்துக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாள் அந்தப் பகிடியைக் கேட்டுவிட்டுத்தான் நான் கணினியைத் திறப்பேன். 2019இல் நகரசபை, ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ தருவதாக அறிவித்து, தானும் சேர்ந்து சிரித்தது. அந்தப் பகிடி யாரையும் காயப்படுத்தாது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சனமும் பல்கலைக்கழகமும் வருமான வரியும் உள்ள ஊர், தான் இருப்பதை நிரூபிக்கத் தேவையில்லை. “நீ பெண்ணே இல்லை” என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போது, அவளிடம் பந்தயம் கட்டப் பத்து லட்சம் யூரோ இல்லை. உடுப்பைக் கழற்றி நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது: “இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வருத்தம்.” இதைச் சொல்பவர்கள் சிலப்பதிகாரத்தைத் திறக்க வேண்டும். மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடும் ஒன்று. எங்கள் ஊர் இசை நாடக மேடைகளில் சந்திரமதியாக வந்த ஆண் நடிகர்கள் அழ, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சனமும் விடியவிடிய அழுதது. ஒருவரும் “ஆம்பிளை” என்று எழும்பிப் போகவில்லை. இன்றைய சட்டத்தைப் பார்த்தாலும் கதை வேறு. பால் தெளிவாக அமையாத குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை செய்வதைத் தமிழ்நாடு 2019இல் தடைசெய்தது, மதுரையில் மெட்ராஸ் உயர்நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து. ஜேர்மனி அதற்கான சட்டத்தை 2021இல்தான் கொண்டுவந்தது. இந்த விடயத்தில் வெள்ளைக்காரன் எங்களுக்குப் பின்னால் வந்திருக்கிறான்.

இதே பக்கத்தில் இன்னொரு தப்பும் உண்டு. “எங்களிடம் அர்த்தநாரீசுவரர் இருக்கிறார்” என்று பெருமையோடு சொல்லிவிட்டுக் கடந்துபோவது. கல்லில் பாதிப் பாதியாக நின்றால் கும்பிடுகிறோம். அதே உடம்பு ரயிலில் எதிர் இருக்கையில் வந்து அமர்ந்தால், முழங்கையால் இடித்துப் பக்கத்திலுள்ளவருக்குக் காட்டுகிறோம்.

நான்காவது: “எங்கள் இனத்துக்கு வந்த அழிவுக்கு முன்னால் இது ஒரு பிரச்சினையா?” இதற்குத்தான் நான் மிகக் கவனமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வலி போலியில்லை. சோதனைச் சாவடியில் எங்கள் அக்காமாரின் உடம்பைத் தடவிச் சோதித்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. அடையாள அட்டையில் உள்ளவர் நீதானா என்று முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்ததை மறக்கவில்லை. நீ யாரென்று நீ சொன்னால் போதாது, நான் பார்த்துத்தான் தீர்மானிப்பேன் என்ற அதிகாரத்தை நாங்கள் உடம்பால் அறிந்தவர்கள். அதே அதிகாரத்தை ஒரு குத்துச்சண்டைக்காரியின் மேல் பிரயோகிக்கும்போது எங்களுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது?

*

என் மகளுக்கு அந்தக் கோடையில் இரண்டு விடயங்கள் நடந்தன.

ஒரு சாமத்திய வீட்டில், மண்டபம் நிறைய சனம். உறவுக்கார மாமி ஒருவர் அவளுடைய கன்னத்தைப் பிடித்துச் சொன்னார்: “பிள்ளை, வெயிலுக்கை ஓடி ஓடி நல்லாக் கறுத்துப்போனாய். தலையையும் வெட்டி, பார்க்கப் பெடியன் மாதிரி இருக்கிறாய். உன்னை ஆர் கட்டுறது?” அன்பாகத்தான் சொன்னார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடையில் அலங்கரித்து இருத்தப்பட்ட பிள்ளையின் முகம் அவளுடைய கழுத்தைவிட இரண்டு நிறம் வெளுத்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சிறிய ஓட்டப்போட்டியில் மகள் இரண்டாவதாக வந்தாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு எல்லைக்கோட்டருகில் நின்றேன். மூன்றாவதாக வந்த பிள்ளையின் தாய், ஜேர்மன்காரி, என்னை யாரென்று தெரியாமல் தன் தோழியிடம் கேட்டாள்: “அது உண்மையிலேயே பெட்டைப்பிள்ளைதானா?”

இரண்டாவதைக் கேட்டதும் எனக்கு இரத்தம் கொதித்தது. இனவாதி என்று கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. மாமி சொன்னபோது நான் ஏன் சிரித்தேன் என்பது அப்போதுதான் தொண்டையில் வந்து நின்றது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருத்தி இன்னொருத்தியின் மொழியில் ஒரு வசனம் முழுதாகப் பேச மாட்டாள். ஆனால் என் பிள்ளையைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தியை எதிர்க்க வேண்டுமானால் மற்றவளையும் எதிர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கோபப்படுவது நியாய உணர்வாகாது. என்னை அடிக்காதே, அவளை அடி என்று கைகாட்டுவதுதான் அது.

ஆகவே நான் எங்கள் குழுவில் எழுதினேன். கெலிஃபின் படத்தை அனுப்பியது என் பிழை என்றும், சாந்தி சௌந்தரராஜன் யார் என்றும், இனி இப்படியான படம் வந்தால் நான் அந்த இடத்திலேயே கேள்வி கேட்பேன் என்றும் எழுதினேன். இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். ரொறன்ரோ மச்சான் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மச்சாள் மட்டும் தனியாக, “நன்றி அண்ணை” என்று இரண்டு சொல் அனுப்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை வாசிப்பவர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு இன்னொரு வெற்றிப்படம் வரும். கறுத்த பெண்ணொருத்தி அல்லது சேலை கட்டிய ஆணொருவர் திரையில் வந்து நிற்பார், ஒன்றும் செய்யாமலே. இசையும் வேகமும் நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தைச் சரியாகக் காட்டித்தரும். அப்போது ஒரு விநாடி திரையை விட்டுப் பக்கத்து இருக்கையைப் பாருங்கள். அங்கே உங்கள் பிள்ளை இருக்கும். அது சிரிக்கிறதா என்று பாருங்கள்.